பள்ளிக்கூடத்தில் ஒரு சாவு: கடலூரில் நடக்கும் குற்ற நாவல், எங்கெங்கே இடிக்கும்?

#1 திண்ணைவாசி
கடலூரை வைத்து ஒரு குற்ற நாவல் திட்டமிட்டிருக்கிறேன். கற்பனையான ஓர் ஆண்கள் மேல்நிலைப்பள்ளி, ஆற்றங்கரை ஓரம். பிளஸ் ஒன் பையன் ஒருவனை ஜூனிலிருந்து நாலு பேர் சேர்ந்து வாட்டுகிறார்கள். நவம்பர் மழையில் ஒரு மாலை, சோதனைக்கூடத்துக்குப் பின்னால் கத்திக்குத்தோடு கிடக்கிறான். இன்ஸ்பெக்டர் பதினேழு வயது மாணவன் ஒருவனைத் தூக்கிவந்து லாக்கப்பில் வைத்து இரவெல்லாம் விசாரிக்கிறார், வாக்குமூலம் வாங்குகிறார். செஷன்ஸ் கோர்ட்டில் அரசு வக்கீல் தூக்கு கேட்கிறார். கடைசியில் சீர்திருத்தப் பள்ளி. 32 அத்தியாயம், சுமார் 60,000 சொல். சட்டம், போலீஸ், மருத்துவம், பள்ளி நடைமுறை தெரிந்தவர்கள் எங்கே இடிக்கிறது என்று சொன்னால் எழுதுவதற்கு முன்பே திருத்திவிடுவேன்.

#2 பார்கவுன்சில்பக்கம்
பாதிக் கதை இடிக்கிறது. வரிசையாக வருகிறேன்.

2015ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், 2016 ஜனவரி 15லிருந்து நடைமுறையில் இருக்கிறது. பதினெட்டு முடியாத பையனை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கவே முடியாது (பிரிவு 10). பிடித்ததும் குழந்தைகள் நலக் காவல் அலுவலரிடமோ சிறப்பு இளஞ்சிறார் காவல் பிரிவிடமோ ஒப்படைக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். விலங்கு பூட்டக் கூடாது, விசாரிக்கும் போலீஸ் யூனிஃபாரத்தில் இருக்கக் கூடாது. உங்கள் இன்ஸ்பெக்டர் இதையெல்லாம் மீறுகிறவர் என்றால் மீறட்டும். ஆனால் தான் மீறுகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வாக்குமூலம் பின்னால் ஒன்றுக்கும் உதவாது என்று ஸ்டேஷனில் யாராவது ஒருவர் முணுமுணுக்கவாவது வேண்டும்.

தூக்கு கிடையவே கிடையாது. விடுதலைக்கு வழியில்லாத ஆயுளும் கிடையாது (பிரிவு 21). செஷன்ஸ் கோர்ட்டுக்கும் நேராகப் போகாது. குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள், அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். பையனுக்குப் பதினாறு முடிந்திருந்து, குற்றம் 'கொடுங்குற்றம்' வகையாக, அதாவது குறைந்தபட்ச தண்டனையே ஏழு ஆண்டாக இருந்தால் மட்டும் பிரிவு 15ன்படி முதற்கட்ட மதிப்பீடு நடக்கும். செய்யும் மனத்திறனும் உடல்திறனும் இருந்ததா, விளைவு புரிந்ததா, எந்தச் சூழலில் செய்தான் என்று பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் சிறார் நீதிமன்றத்துக்கு அனுப்புவதா இல்லையா என்ற முடிவு. குழுமத்தில் குழந்தை உளவியல் தெரிந்தவர் இல்லையென்றால் நிபுணர் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022ல் சொல்லிவிட்டது.

'சீர்திருத்தப் பள்ளி' என்பது பழைய சட்டத்தின் வார்த்தை. விசாரணைக் காலத்தில் இருப்பது கூர்நோக்கு இல்லம். கடலூரிலேயே அரசு கூர்நோக்கு இல்லம் இருக்கிறது. நாளிதழ்களும் ஊர்க்காரர்களும் இன்னமும் சீர்திருத்தப் பள்ளி என்றுதான் சொல்கிறார்கள், ஆகவே பாத்திரம் சொல்லலாம், கதைசொல்லி சொல்லக் கூடாது.

#3 கெடிலக்கரை
கத்தி எதற்கு? கத்தி வந்த உடனே வாசகன் 'யார் குத்தியது' என்று மட்டும்தான் கேட்பான். ஜூனிலிருந்து நவம்பர் வரை நடந்ததெல்லாம் முன்கதையாகச் சுருங்கிவிடும். பள்ளி வன்முறையைப் பற்றி எழுதுவதாக இருந்தால், சாவு அந்த ஆறு மாதத்திலிருந்தே முளைத்து வர வேண்டும். அன்றைக்கும் ஒரு சாதாரண நாள்தான் என்று எல்லாரும் நினைக்கிற மாதிரி.

#4 உப்புக்காற்று
கெடிலக்கரை கேட்பதற்கு மருத்துவத்தில் ஆள் இருக்கிறது. எக்ஸ்ட்ராட்யூரல் ஹெமட்டோமா, சுருக்கமாக ஈ.டி.எச். மண்டையோட்டுக்கும் மூளையின் வெளியுறைக்கும் நடுவில் ரத்தம் கட்டுவது.

காதுக்கு மேலே பொட்டுப் பகுதியில் எலும்பு மெல்லியது. அதன் உட்பக்கத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. அந்த இடத்தில் அடிபட்டு எலும்பு விரிந்தால் தமனி கிழியும். பையன் கொஞ்ச நேரம் மயங்கலாம், மயங்காமலும் இருக்கலாம். எழுந்து உட்காருவான், 'ஒண்ணுமில்ல' என்பான், பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கும் போய்விடுவான். இந்தத் தெளிந்த இடைவேளை சில நிமிஷத்திலிருந்து பல மணி நேரம் வரை நீளலாம். எல்லாருக்கும் வருவதில்லை, ஆனால் வருவது அபூர்வமுமல்ல. அதன் பிறகு தலைவலி, வாந்தி, தூக்கம் தூக்கமாக வருவது. அடிபட்ட பக்கத்துக் கண்பாவை விரிந்துவிடும். அப்போதும் மண்டையைத் திறந்து கட்டியை எடுத்தால் பிழைப்பான். 30 மில்லிக்கு மேல் கட்டியிருந்தால் அறுவை என்பது பொதுவான அளவுகோல். விட்டுவிட்டால் மூளைத்தண்டு நசுங்கி மூச்சு நிற்கும்.

நாவலுக்கு இதில் என்ன லாபம் என்றால், அடி விழுந்த நேரமும் சாவு நேரமும் வேறு வேறு. அடித்தவன் தூங்கப் போகும்போது தான் யாரையும் கொன்றதாக அவனுக்கே தெரியாது. அடிபட்டவனும் மாலை முழுக்க உயிரோடு இருக்கிறான், பேசுகிறான், ஆனால் நடந்ததைச் சொல்ல மாட்டான். ஏன் சொல்லவில்லை என்பதுதான் கதை. ஒரு எச்சரிக்கை: 'தூங்கட்டும், காலையில சரியாயிடும்' என்று அம்மா விடுகிற இடத்தில் அவளைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். எல்லா வீட்டிலும் அதைத்தான் சொல்வார்கள்.

#5 திண்ணைவாசி
கத்தியைத் தூக்கிப் போட்டாச்சு. ஈ.டி.எச். பிரமாதம். அடி எங்கே விழட்டும்? கிரிக்கெட் ஸ்டம்ப்?

#6 கரும்பலகை
ஸ்டம்ப் வேண்டாம், அதுவும் ஆயுதம்தான். கை கழுவும் குழாயடி இருக்கிறதே, அதைப் பயன்படுத்துங்கள். சத்துணவு சாப்பிட்டுவிட்டுத் தட்டுக் கழுவுகிற இடம். இடுப்பளவு உயரத்தில் நீளமான சிமெண்ட் தொட்டி, மேலே வரிசையாக ஏழெட்டுக் குழாய், அதில் மூன்றில்தான் தண்ணீர் வரும். விளிம்பு பூச்சு உதிர்ந்து கூர்மையாக இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் அக்டோபர் கடைசியிலேயே தரையில் பச்சையாகப் பாசி பிடித்துவிடும். தண்ணீர் வருகிற மூன்று குழாய்க்கு முந்நூறு பேர். தினமும் தள்ளுமுள்ளு நடக்கும் இடம், ஆசிரியர் கண் படாத இடம், கேமரா இல்லாத இடம்.

'பாசி வழுக்கி வுழுந்துட்டான் சார்.' இந்த ஒரு வரியை நாற்பது பேரும் ஒரே மாதிரி சொல்வார்கள். சொல்லிவைத்துச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

#7 உப்புக்காற்று
அருமையான இடம், கரும்பலகை. இதில் தடயவியல் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று பார்த்துவிடலாம். நிறைய நாவல்கள் தவறுவது இங்கேதான்.

நிற்கிற தலையில் ஒரு பொருள் வந்து அடித்தால் மூளைக் காயம் பெரும்பாலும் அடிபட்ட பக்கத்திலேயே இருக்கும். ஓடுகிற தலை நிலையான பொருளில் மோதினால், அதாவது விழுந்தால், எதிர்ப்பக்கத்தில் மூளை கன்றியிருக்கும். வலது காதுக்கு மேல் எலும்பு முறிவு, இடது பொட்டு மூளையில் கன்றல் என்று அறிக்கை வந்தால் 'இவன் விழுந்திருக்கிறான், யாரும் கட்டையால் அடிக்கவில்லை' என்று டாக்டர் சொல்லிவிடுவார். வழுக்கினானா, தள்ளினார்களா என்று கேட்டால் கையை விரித்துவிடுவார். இரண்டிலும் தலை ஒரே மாதிரிதான் போய் மோதுகிறது. பிரேதப் பரிசோதனை மேஜையில் வைத்துக் கொலையாளியைச் சொல்லும் டாக்டர் சினிமாவில்தான் இருக்கிறார்.

அவர் வேறொன்றைச் சொல்ல முடியும். மேல்கையின் உட்புறம், அக்குளுக்குக் கீழே, வட்ட வட்டமாக ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் நாலைந்து கன்றல் தழும்பு. விரல் நுனி அழுத்திப் பிடித்தால் வருவது. ரத்தக் கன்றல் முதலில் சிவப்பு, பிறகு நீலம், நாலாம் நாள் வாக்கில் கருநீலம் அல்லது பழுப்பு, ஐந்தாறு நாளில் பச்சை, ஒரு வாரத்துக்கு மேல் மஞ்சள், இரண்டு வாரத்தில் மறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. நம் மாநிறத் தோலில் இந்த நிறங்கள் லேசில் தெரியாது, தோலைக் கீறி உள்ளே பார்க்க வேண்டும். திசுவை எடுத்து நுண்ணோக்கியில் இரும்புச் சத்துக்கான சாயம் போட்டுப் பார்த்தால் இரண்டு மூன்று நாளுக்கு மேற்பட்டதா என்று தெரியும். ஒன்று புதிது, ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள் என்று மூன்று வயதுக் கன்றல் ஒரே கையில் இருந்தால் அது அன்றைக்கு மட்டும் நடந்ததல்ல. உங்கள் ஆறு மாதம் அந்தக் கையில் எழுதியிருக்கிறது.

'பச்சையாக இருக்கிறது, ஆகவே சரியாக ஆறு நாள்' என்று மட்டும் எந்த டாக்டரையும் சொல்லவைக்காதீர்கள். அவ்வளவு துல்லியம் கிடையாது.

#8 பாகூர்ஏரி
பையன் வீடு எங்கே? கடலூர் என்றாலே எல்லாரும் ஊருக்குள் வைக்கிறார்கள். வீட்டைப் பாலத்துக்கு அந்தப் பக்கம், புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் வையுங்கள். தென்பெண்ணையைத் தாண்டினால் தமிழ்நாட்டு ஊரும் புதுச்சேரி ஊரும் மாறி மாறி வரும். ரெட்டிச்சாவடி ஸ்டேஷன் தமிழ்நாடு, கிருமாம்பாக்கம் ஸ்டேஷன் புதுச்சேரி. அந்தப் பக்கத்திலிருந்து கடலூர் பள்ளிகளுக்கு பஸ் ஏறி வருகிற பிள்ளைகள் உண்டு.

வகுப்பில் அவனுக்குப் பட்டப்பெயர் வைக்க இதுவே போதும். 'பாண்டி' என்று ஆரம்பிப்பார்கள். பிறகு அப்பன் குடிக்கிறான் என்பான் ஒருத்தன், பையில் குவார்ட்டர் வைத்திருக்கிறான் என்பான் இன்னொருத்தன். செக்போஸ்ட்டில் பை சோதிக்கிற மாதிரி தினம் காலையில் வாசலிலேயே அவன் பையைக் கொட்டி 'செக்கிங்' நடத்துவார்கள். விளையாட்டுக்குத்தான் சார் என்பார்கள்.

இரவில் வாந்தி எடுத்தால் அங்கிருந்து புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

#9 ரைட்டர்மேஜை
பாகூர்ஏரி போட்ட முடிச்சு நல்ல முடிச்சு. பேப்பர் எப்படி நகரும் என்று சொல்கிறேன்.

ஜிப்மர் காஷுவாலிட்டியில் 'எப்படி அடிபட்டது' என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். ஏ.ஆர். என்பது அதுதான். அம்மா சொல்வது: பள்ளிக்கூடத்தில் வழுக்கி விழுந்தான். முதன்முதலில் எழுதப்பட்ட வார்த்தை அதுதான், வழக்கு முடிகிற வரை எதிர்த்தரப்பு வக்கீல் அதையே காட்டுவார். இறந்ததும் ஆஸ்பத்திரி இருக்கும் எல்லையான கோரிமேடு ஸ்டேஷனுக்குத் தகவல் போகும். அவர்கள் கடலூர் ஸ்டேஷனுக்குச் சொல்ல வேண்டும். எந்த ஸ்டேஷனிலும் புகார் பதிய வேண்டும் என்று, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) பிரிவு 173 சொல்கிறது. செயல் நடந்த இடத்திலும் வழக்கு நடத்தலாம், விளைவு ஏற்பட்ட இடத்திலும் நடத்தலாம் என்கிறது பிரிவு 199. ஆக இரண்டு மாநிலப் போலீஸும் 'உங்களுடையது' என்று ஒருவர் தலையில் ஒருவர் கட்டப் பார்க்கலாம். ஒன்றரை நாள் அதில் போகும். அதற்குள் குழாயடியை ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்திருப்பார்கள்.

முதலில் இயற்கைக்கு மாறான மரணம், பிரிவு 194. பழைய 174தான். பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்து கன்றல் விஷயம் தெரிந்த பிறகு பிரிவு மாற்ற அறிக்கை மாஜிஸ்திரேட்டுக்குப் போகும். கதையில் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்காருகிற இடம் இதுதான். 2024 ஜூலை 1க்குப் பிறகு நடக்கும் கதை என்றால் 302, 174 என்று பழைய எண் போடாதீர்கள். ஏட்டு ஒருவர் வாய் தவறி '302' என்று சொல்லி மற்றவர் திருத்தினால் அழகாக இருக்கும். பழைய தண்டனைச் சட்டத்தில் 302 ஆக இருந்த கொலை, புதிய தண்டனைச் சட்டத்தில் (பி.என்.எஸ்.) இப்போது 103.

இன்னொன்று. பதினைந்து வயதுக்குக் கீழே உள்ள பையனைச் சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்குக் கூப்பிட முடியாது, அவன் இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும் (பிரிவு 179). குழாயடியில் நின்ற எட்டாம் வகுப்புப் பயல்களை விசாரிக்க உங்கள் எஸ்.ஐ. சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம், தேவனாம்பட்டினம் என்று வீடு வீடாக மஃப்டியில் போய்த் திண்ணையில் உட்கார வேண்டும். அம்மா பக்கத்தில் நிற்பாள். அந்த வீடுகளைக் காட்டாமல் கடலூர் நாவல் எழுத முடியாது, சட்டமே வழி போட்டுக் கொடுத்திருக்கிறது.

#10 பார்கவுன்சில்பக்கம்
ரைட்டர்மேஜைக்கு ஒரு சேர்க்கை. சிறார் விதிகள் 2016ன்படி, கொடுங்குற்றமாக இருந்தாலோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாக இருந்தாலோ மட்டும்தான் சிறார் மேல் எஃப்.ஐ.ஆர். மற்றதெல்லாம் பொது நாட்குறிப்பில் பதிவு, கூடவே சமூகப் பின்னணி அறிக்கை. இந்த அறிக்கை நாவலாசிரியனுக்குத் தங்கச் சுரங்கம். வீடு, வருமானம், அப்பா அடிப்பாரா, பள்ளியை விட்டு நின்றானா என்று தள்ளியவனின் முழு வாழ்க்கையும் ஒரு படிவத்தில் வந்துவிடும். அவனும் எங்கோ அடிவாங்குகிறவன்தான் என்பதைத் தனி முன்கதை எழுதாமல் அந்தப் படிவம் வழியாகவே காட்டலாம்.

இந்தக் கதையில் எந்தப் பிரிவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கொலை 103 என்றால் குறைந்தபட்சமே ஆயுள், ஆகவே கொடுங்குற்றம். கொலையாகாத மரணம் 105 என்றால் குறைந்தபட்சம் ஏழு ஆண்டு இல்லை. பையன் பிழைத்து, கொலை முயற்சி 109 என்றாலும் அப்படியே. குறைந்தபட்ச தண்டனை ஏழு ஆண்டுக்கு எட்டாத குற்றம் கொடுங்குற்றம் ஆகாது, 'கடுங்குற்றம்' தான் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. ஆக ஒரு தள்ளு 103 ஆனால் சிறார் நீதிமன்றத்துக்குப் போகும் கதவு திறக்கும், 105 ஆனால் குழுமத்தோடு முடியும், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறப்பு இல்லம். ஊர்க்காரர்கள் 'மூணு வருஷம்தானா' என்று ஸ்டேஷன் வாசலில் கூடுவது இயல்பு.

வயது: குற்றம் நடந்த தேதியில் என்ன வயது என்பதுதான் கணக்கு. தள்ளியது புதன் மதியம், இறந்தது வியாழன் விடியல், இடையில் நள்ளிரவில் தள்ளியவனுக்குப் பதினாறாவது பிறந்தநாள் என்று வையுங்கள். எது குற்றத் தேதி? தள்ளிய தேதி என்று நான் வாதாடுவேன். அதே நேரம் பிறந்த தேதிக்கு முதல் ஆதாரம் பள்ளிச் சான்று, அது இல்லையென்றால்தான் நகராட்சிப் பிறப்புச் சான்று, அதுவும் இல்லையென்றால்தான் எலும்புப் பரிசோதனை (பிரிவு 94). ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வயதைக் கூட்டிக் குறைத்துப் போட்டது பத்து வருஷம் கழித்து இங்கே வந்து நிற்கும்.

#11 திண்ணைவாசி
பிறந்தநாள் திருப்பம் கொஞ்சம் சாமர்த்தியம் அதிகமாகத் தெரிகிறதோ?

#12 கெடிலக்கரை
ஆமாம். நள்ளிரவு வேண்டாம். பள்ளிச் சான்றில் ஒரு வயது, பிறப்புச் சான்றில் ஒரு வயது என்பது மட்டும் போதும், அது நிஜமாக நடக்கிறது.

#13 மின்கம்பி
குழாயடியில் கேமரா இல்லை என்றாலும் நுழைவாயிலிலும் தாழ்வாரத்திலும் இருக்கும். யார் யார் அந்தப் பக்கம் போனார்கள், எப்போது திரும்பினார்கள் என்று அதில் தெரியும். எழுத்தாளர்கள் இதை மந்திரக் கண்ணாடி மாதிரி பயன்படுத்துகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ் வேகத்தில் இடைவிடாமல் பதிந்தால் ஒரு நாளைக்கு 21 ஜிபி. எட்டுக் கேமராவுக்கு 170 ஜிபி. பள்ளிக்காரர்கள் வாங்குகிற 1 டிபி டிஸ்க் ஆறாம் நாள் நிரம்பி, பழையதன் மேலேயே எழுத ஆரம்பித்துவிடும். இரண்டு மாநிலப் போலீஸ் தகராறில் ஒன்றரை நாள், புயல் லீவு மூன்று நாள், ஞாயிறு ஒன்று. முடிந்தது கதை.

கடிகாரம் இன்னொரு வம்பு. டி.வி.ஆர்., அதாவது கேமராப் படத்தைப் பதியும் கருவி, அதன் பலகையில் பட்டன் செல் ஒன்று இருக்கும். அது செத்துப்போயிருந்தால் ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் தேதி பழைய ஆண்டுக்குத் தாவிவிடும். பதிவு இருந்தும் எந்த நாள் என்று நிரூபிக்க முடியாது. தாழ்வாரச் சுவர்க் கடிகாரமோ அன்றைய கரும்பலகைத் தேதியோ சட்டகத்தில் தெரிகிறதா என்று தேடுவார்கள். நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக புதிய சாட்சியச் சட்டம் பிரிவு 63 சான்றிதழ் வேண்டும். கருவியை வைத்திருப்பவர் ஒரு பகுதியிலும் நிபுணர் ஒரு பகுதியிலும் கையெழுத்திட்டு, கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) எழுத வேண்டும். பென்டிரைவில் போட்டுக்கொண்டு வந்து நீட்டினால் ஆகாது.

#14 கரும்பலகை
புயல் லீவு என்று வந்ததால் சொல்கிறேன். மழைக்காலத்தில் பள்ளிக்கூடமே நிவாரண முகாம் ஆகிவிடும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் கரை கடந்த பிறகு தென்பெண்ணை பெருகி ஊருக்குள் வந்ததே, அந்த மாதிரி நேரம். பெஞ்சையெல்லாம் மூலையில் அடுக்கிவிட்டுக் குடும்பங்கள் தங்கும், குழாயடியில் சமையல் பாத்திரம் கழுவுவார்கள். சம்பவ இடம் என்று ஒன்று மிச்சமே இருக்காது. போலீஸ் பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பதிவு) எழுதும்போது பக்கத்தில் சோற்றுப் பானை.

#15 உப்புக்காற்று
இந்த ஒரு காட்சிக்காகவே நாவலைப் படிக்கலாம்.

#16 தூரத்துவாசகன்
சாதியைத் தொடாமல் இந்தக் கதையை எழுத முடியுமா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டியது, அதன் பிறகு பள்ளிகளில் சாதி வன்முறையைத் தடுக்க வழி சொல்ல நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை, கையில் கட்டும் வண்ணக் கயிறுக்குத் தடை வேண்டும் என்ற பரிந்துரை. இத்தனைக்கும் பிறகு 'நாலு கெட்ட பசங்க' என்று எழுதினால் ஏமாற்று வேலையாக இருக்கும்.

#17 கெடிலக்கரை
தொடாமல் முடியாது. ஆனால் நாங்குநேரியை அப்படியே பெயர்த்துக் கடலூரில் நடாதீர்கள். இங்கே கதையை 'ஊர்', 'காலனி', 'குப்பம்' என்ற மூன்று சொல்லே சொல்லிவிடும். எந்தத் தெரு, எந்த ஸ்டாப்பில் ஏறுகிறான் என்று கேட்டாலே போதும், கயிறே தேவையில்லை. வாத்தியாரும் அதைத்தான் கேட்பார், வேறு காரணம் சொல்லிக்கொண்டு. சாதிப் பெயரை ஒருமுறைகூட அச்சில் போடாமல் வாசகனுக்கு முழுக்கத் தெரியவைக்க முடியும்.

#18 பார்கவுன்சில்பக்கம்
சாதி வந்தால் சட்டமும் மாறும், கவனம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேர்ந்தால் விசாரணை அதிகாரி டி.எஸ்.பி.க்குக் குறையக் கூடாது (1995 விதி 7). உங்கள் கதாநாயக இன்ஸ்பெக்டர் அங்கேயே வழக்கிலிருந்து வெளியே போய்விடுவார். அதுமட்டுமல்ல, அந்தச் சட்டத்தின் 3(2)(v), பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றத்துக்கு ஆயுள் என்கிறது. ஆக வெறும் 105ஐக்கூடக் கொடுங்குற்றம் என்று அரசுத் தரப்பு வாதிட இடம் கிடைக்கும். இன்ஸ்பெக்டர் அந்தச் சட்டத்தைச் சேர்க்கத் தயங்குவது ஏன்? வழக்கு கைவிட்டுப் போகும் என்றா, சேர்த்தால் அந்தப் பதினாறு வயதுப் பயல் போய்விடுவான் என்றா, வேறு காரணமா? மூன்றையும் அவரே தனக்குச் சொல்லிக்கொள்ளலாம். எது உண்மை என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

#19 திண்ணைவாசி
எழுதிக்கொண்டே இருக்கிறேன். ராகிங் சட்டம் இதில் வருமா? இதற்கு என்ன வார்த்தை போடுவது? 'பகடிவதை' என்று போட நினைத்தேன்.

#20 பார்கவுன்சில்பக்கம்
தமிழ்நாட்டு ராகிங் தடைச் சட்டம் 1997. அது பிறந்ததே இந்த மாவட்டத்தில்தான் என்று சொல்லலாம்: 1996 நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொலை. கடலூர் செஷன்ஸ் நீதிமன்றம் 1998ல் மூத்த மாணவர் ஒருவரைக் குற்றவாளி என்றது, 2001ல் உயர் நீதிமன்றம் விடுவித்தது, 2011ல் உச்ச நீதிமன்றம் மறுபடி தண்டனையை உறுதி செய்தது. ராகிங்குக்கு இரண்டாண்டு வரை சிறை, பத்தாயிரம் வரை அபராதம். உங்கள் கதையில் ஐம்பது வயதைத் தாண்டிய எந்தக் கடலூர்க்காரருக்கும் இது ஞாபகம் வரும், கட்டாயம் யாராவது ஒருவர் வாயில் வரட்டும்.

#21 கெடிலக்கரை
'பகடிவதை' மலேசியத் தமிழ் நாளிதழ்களில் புழங்குகிற சொல். நல்ல சொல்தான், கட்டுரைக்கு ஆகும். மஞ்சக்குப்பத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். பையன்கள் 'ஓட்டுறது', 'கலாய்க்கிறது' என்பார்கள். வாத்தியார் 'வம்பு' என்பார். அம்மா 'பசங்க ஏதோ பண்றானுங்களாம்' என்பாள். ஒரே செயலுக்கு ஆளுக்கு ஒரு சொல், எல்லாமே செயலைச் சின்னதாக்கும் சொல். கதைசொல்லி எந்தச் சொல்லையும் பயன்படுத்தாமல் நடந்ததை மட்டும் எழுதினால் போதும்.

உதாரணத்துக்கு ஒன்று. முதல் நாள் அவன் தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒருத்தன் குடிக்கிறான், மூடி போட்டுத் திருப்பி வைக்கிறான். அடுத்த வாரம் நாலு பேர் குடிக்கிறார்கள், பாட்டில் காலியாக வருகிறது. ஆகஸ்டில் பாட்டிலை அவனே எடுத்துக்கொண்டு போய் அவர்கள் டெஸ்க்கில் வைக்கிறான், பெல் அடித்ததும், யாரும் கேட்காமலே. அக்டோபரில் பாட்டில் கொண்டுவருவதை நிறுத்திவிடுகிறான். அதனால்தான் அன்றைக்கு மதியம் குழாயடிக்குப் போகிறான்.

#22 உப்புக்காற்று
அப்படியென்றால் அவன் ஜூன் முதல் அக்டோபர் வரை குழாயடிக்கே போகாதவன். அவன் அங்கே வந்ததே அன்றைக்கு ஒரு செய்தி. விசாரிப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'தண்ணி குடிக்க இவன் எப்பவும் இங்கதான் வருவானா?'

#23 கரும்பலகை
பள்ளிப் பதிவேடும் பேசும். ஆசிரியர்கள் செயலியில் போடும் வருகையை எடுத்து அட்டவணையோடு ஒட்டிப் பாருங்கள். பி.டி. பீரியட் இருக்கும் நாள்களில் மட்டும் லீவு போட்டிருப்பான். முதல் பெல்லுக்கும் இரண்டாம் பெல்லுக்கும் நடுவில்தான் வருவான், அசெம்பிளிக்கு முன்னால் மைதானத்தில் நிற்கக் கூடாதே. நாள் முழுக்கக் கழிப்பறை போகாமல் அடக்கிவைப்பான். இதெல்லாம் ஆசிரியருக்குத் தெரியாத விஷயமில்லை. 'ஒல்லிப் பையன், அடிக்கடி லீவு' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்.

தலைமையாசிரியரை வில்லனாக்க வேண்டாம். பிளஸ் டூ தேர்ச்சி விகிதம், டிசம்பரில் அரையாண்டு, மார்ச்சில் பொதுத்தேர்வு. 'டி.சி. கொடுத்திடுவேன்' என்ற ஒற்றை வாக்கியத்தில் ஆயிரம் பேரை அடக்குகிறவர். அதே வாக்கியத்தைப் பையனின் அம்மாவிடமும் சொல்லியிருப்பார், செப்டம்பரில் அவள் வந்து புகார் சொன்னபோது. புகாரை எழுதி வாங்கவில்லை என்பதுதான் அவர் செய்த தப்பு. குழந்தைகள் உதவிக்கான 1098 நம்பர் அவர் அறைச் சுவரிலேயே ஒட்டியிருக்கும்.

#24 தூரத்துவாசகன்
நாற்பது பேர் வகுப்பில் எல்லாருக்கும் எப்படிப் பாத்திரம் கொடுப்பது?

#25 கெடிலக்கரை
நாற்பது பேர் வேண்டாம், ஆறு இடம் போதும். பள்ளியில் பையன்கள் ஒருவனை வாட்டுவதை நார்வேயில் ஆராய்ந்த ஒல்வேயஸ், அதற்கு மூன்று நிபந்தனை வைத்தார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்க்க முடியாதவனிடம் செய்வது. பின்லாந்தில் சால்மிவல்லியும் சகாக்களும் 1996ல் வகுப்பையே பிரித்துக் காட்டினார்கள். செய்கிறவன், செய்பவனுக்குக் கை கொடுக்கிறவன், பக்கத்தில் நின்று சிரித்து ஏற்றிவிடுகிறவன், காணாத மாதிரி போகிறவன், தடுக்கப் போகிறவன், படுகிறவன். உங்கள் மர்மம் முதலாமவனிடம் இல்லை. சிரித்தவனிடம் இருக்கிறது. அவன் தொடவே இல்லை, சட்டத்தில் அவனுக்குப் பிரிவே கிடையாது, ஆனால் அவன் சிரிக்கவில்லையென்றால் அந்தத் தள்ளு நடந்திருக்காது. அது அவனுக்கும் தெரியும்.

கனடாவில் விளையாட்டு மைதானங்களைப் படம் பிடித்து ஆராய்ந்தவர்கள் 2001ல் எழுதியது: சுமார் ஐந்தில் ஒரு சம்பவத்தில்தான் சக மாணவர் குறுக்கே போனார், ஆனால் அப்படிப் போனபோது பாதிக்கு மேல் பத்து வினாடிக்குள் நின்றுவிட்டது. பத்து வினாடி. உங்கள் குழாயடிக் காட்சியை அந்த நீளத்துக்கு எழுதுங்கள்.

#26 பார்கவுன்சில்பக்கம்
பத்திரிகைக் காட்சி வந்தால் பையன் பெயர், படம், பள்ளி எதுவும் வராது (பிரிவு 74, ஆறு மாதம் சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டுமேகூட). 'கடலூரில் பிளஸ் 1 மாணவர்' என்று மட்டும் வரும். வாட்ஸ்அப் குழுவில் மதியத்துக்குள் முகமும் தெருவும் வந்துவிடும், அது வேறு.

#27 திண்ணைவாசி
சரி, இப்போது எலும்புக்கூடு இப்படி நிற்கிறது, பாருங்கள். கத்தி இல்லை, லாக்கப் இல்லை, கோர்ட் இல்லை. மூன்றாம் அத்தியாயத்தில் சாவு. 4 முதல் 9 வரை இரண்டு ஸ்டேஷன் இழுபறி, வெள்ளம், முகாம். பத்தில் கன்றல் பற்றிய அறிக்கை, பிரிவு மாற்றம். அங்கிருந்து எஸ்.ஐ. வீடு வீடாகப் போகிறார், ஒவ்வொரு திண்ணையிலும் ஒரு மாதம் பின்னால் போகிறோம், கடைசித் திண்ணையில் ஜூன். தள்ளியவன் யார் என்பது பாதியிலேயே தெரிந்துவிடும். கடைசி அத்தியாயம் சிரித்தவன் வீடு. எட்டாம் வகுப்புப் பையன் என்று வைத்திருக்கிறேன், வயது பதிமூன்று. சரியா?

#28 கரும்பலகை
எட்டாம் வகுப்புப் பயல் பிளஸ் ஒன் பெரியவர்கள் பக்கத்தில் நின்று சிரிப்பதா? அவர்கள் தன்னைப் பார்க்க வேண்டும் என்று சிரிப்பான். சரியாகத்தான் இருக்கிறது.

#29 பார்கவுன்சில்பக்கம்
பதிமூன்று என்றால் அவன் சாட்சி மட்டும்தான். கேள்வி புரிந்து பதில் சொல்லத் தெரிந்தால் நீதிமன்றம் ஏற்கும், வயது தடையில்லை.

#30 ரைட்டர்மேஜை
கடைசித் திண்ணையில் எஸ்.ஐ. நோட்டுப் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். அந்த வயசுப் பையன் பேனாவைப் பார்த்தால் 'பாசி வழுக்கி வுழுந்துட்டான் சார்' என்றுதான் சொல்வான். தண்ணீர் கேளுங்கள். அவன் போய் பாட்டிலை எடுத்துக்கொண்டு வரட்டும்.